ஒடிந்த இடுப்புக்கு ஒரு நரம்பு ஊசி: நெய்யூரிலிருந்து டொராண்டோ வரை ஒரு நீண்ட கதை

1/
போன வருஷம் ஒருநாள் விடியற்காலை. மணவாளக்குறிச்சியில் எங்க சொந்தக்கார ஆச்சி ஒருத்தர் குளிமுறியில் வழுக்கி விழுந்துட்டாங்க. வயசு 78. எழும்ப முடியல. வலது கால் கொஞ்சம் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாத் திரும்பிக் கிடக்கு. "காலை மட்டும் தொடாதீங்க மக்களே" என்று ஒரே அலறல்.

படிக்கிற டாக்டர்களுக்கு இதுலயே விஷயம் புரிஞ்சிருக்கும். இடுப்பு எலும்பு முறிவு. சரியாச் சொன்னா, இடுப்பு மூட்டுக்குள்ள இருக்கிற தொடை எலும்பின் கழுத்து ஒடிஞ்சிருக்கு.

2/
108 வந்தது. அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை வழியா நாகர்கோவில் பயணம். ஒவ்வொரு வேகத்தடையிலயும் ஆச்சி கத்தினது இன்னும் காதுல கேக்குன்னு மகன் சொல்றார்.

மருத்துவமனையில எக்ஸ்ரே எடுத்தாச்சு. "நாளைக்கு மறுநாள் ஆபரேஷன்." எனக்கு போன் வந்தப்ப நான் கேட்ட முதல் கேள்வி, "வலிக்கு என்ன குடுத்திருக்காங்க அண்ணே?"

"ஒரு ஊசி போட்டாச்சு தம்பி. அசைக்காம இருந்தா சரியா இருக்கும்னு சொல்லுதாங்க."

அசைக்காம எப்படி இருக்க முடியும்? பெட்பேன் வைக்கணும், துணி மாத்தணும், மறுபடி எக்ஸ்ரே எடுக்கணும்.

3/
அன்னைக்கு ராத்திரி ஆச்சிக்கு ஆளே மாறிப்போச்சு. செத்துப்போன தாத்தாவைக் கூப்பிடுறாங்க. குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறியுறாங்க. பெத்த மகனைப் பார்த்து "நீ ஆரு?" என்கிறாங்க.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. ஆனா ஆச்சி தெளிஞ்சு வர ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.

அந்த மருத்துவமனையைக் குறை சொல்ல இதை எழுதல. நம்ம நாட்டில் பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் நடக்குது. ஆனா வந்து இறங்கின முதல் மணி நேரத்திலேயே போட்டிருக்கக்கூடிய ஒரு நரம்பு ஊசி இருக்கு. அந்த ஊசி எங்கிருந்து வந்தது, அதில் எத்தனை வகை, எது நல்லது? கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

4/
கதையை நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

மணவாளக்குறிச்சியிலிருந்து சில கிலோமீட்டரில், இரணியல் பக்கத்தில் நெய்யூர். லண்டன் மிஷன் சங்கம் சார்பில் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவர் 1838-இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம்.

அந்த வருஷத்தைக் கவனிங்க. ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை செய்யலாம் என்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் எல்லோர் முன்னாலும் செய்து காட்டியது 1846 அக்டோபர் 16. அது கல்கத்தாவுக்கு வந்தது 1847 மார்ச். அதாவது நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியபோது இந்த ஈதர் மயக்கம் புழக்கத்துக்கே வரவில்லை. கத்தி வைத்தால் நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

5/
எலும்பு முறிவுக்கு நம்ம ஜனங்க அன்னைக்கு எங்கே போனாங்க? ஆசான் வீட்டுக்கு. குமரி மாவட்டம் வர்மத்துக்குப் பேர்போன மண். கை, முழங்கால் கீழ் எலும்பு ஒடிஞ்சா மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, எண்ணெய் விட்டு, பத்தியம் சொல்லி அனுப்புவாங்க. பல முறிவுகள் கூடியும் இருக்கு.

ஆனா இடுப்பு மூட்டு ஆழத்தில் இருக்கு. வெளியே எத்தனை தப்பை கட்டினாலும் உள்ளே ஒடிஞ்ச எலும்பைப் பிடிச்சு நிறுத்த முடியாது. அதனால இடுப்பு ஒடிஞ்ச கிழவிக்கு "பாயிலே கிடக்கணும்" என்பதுதான் தீர்ப்பு. படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, அப்புறம் சாவு.

ஆங்கில மருத்துவத்திலும் அப்போ நிலைமை பெரிசா வேற இல்ல. கட்டையில் காலைக் கட்டி, எடை தொங்கவிட்டு மாசக்கணக்கில் படுக்க வைப்பாங்க. அவ்வளவுதான்.

6/
மயக்க மருந்து வந்த பிறகும் வயசானவங்களுக்கு ஒரு ஆபத்து இருந்தது. குளோரோஃபார்ம் கொடுத்து உடம்பு முழுக்கத் தூங்க வைத்தால் சிலர் எழும்புவதே இல்லை. அது இதயத்தை நிறுத்துகிறதா, மூச்சை நிறுத்துகிறதா என்று பெரிய சண்டை. அதைத் தீர்க்க 1888, 1889-இல் நம்ம ஹைதராபாத்தில், நிஜாமின் செலவில், எட்வர்டு லாரி என்ற மருத்துவர் இரண்டு ஆணையங்களே நடத்தினார்.

அப்போதுதான் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். வலிக்கிறது ஒரு இடம். எதுக்கு ஆள் முழுக்கத் தூங்கணும்?

7/
1884, வியன்னா. கார்ல் கோலர் என்ற இளம் கண் மருத்துவர். அவருடைய நண்பர் சிக்மண்ட் ஃபிராய்டு (ஆமா, அதே உளவியல் ஃபிராய்டுதான்) கோக்கெய்ன் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அது நாக்கில் பட்டால் மரத்துப்போவதை மற்றவர்களும் கவனித்திருந்தார்கள். கோலர் அதைக் கண்ணில் விட்டுப் பார்த்தார். கண் மரத்தது! ஆள் முழிச்சிருக்கும்போதே கண்ணில் அறுவை செய்ய முடிந்தது.

சில மாசத்துக்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டட் அடுத்த படி ஏறினார். வலிக்கிற இடத்தில் மருந்து விடாமல், அந்த இடத்துக்குப் போகிற நரம்பின் பக்கத்தில் ஊசி போட்டார். நரம்பு போகிற பகுதி முழுக்க மரத்தது. நரம்பு ஊசி பிறந்தது இங்கேதான்.

விலையும் கொடுத்தார். தன் மேலேயே சோதித்துப் பார்த்து கோக்கெய்னுக்கு அடிமையாகி, வாழ்நாள் முழுக்க போதையோடு போராடினார்.

8/
1898, ஜெர்மனியின் கீல் நகரம். ஆகஸ்ட் பியர் முதுகுத் தண்டு நீருக்குள் கோக்கெய்ன் செலுத்தி இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார். இன்னைக்கு சிசேரியனுக்கு "முதுகுல போடுற ஊசி" என்கிறோமே, அதன் தாத்தா.

பியரும் உதவியாளர் ஹில்டபிராண்டும் ஒருத்தருக்கொருத்தர் போட்டுப் பார்க்க முடிவு செய்தாங்க. பியருக்குப் போடும்போது ஊசியும் குழாயும் பொருந்தாமல் தண்டு நீர் கசிந்து, முயற்சி வீணாச்சு. ஹில்டபிராண்டுக்கு வேலை செய்தது. உடனே அவர் கணுக்காலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார், சுருட்டால் சுட்டார். அவருக்கு வலிக்கவே இல்லை. ராத்திரி ரெண்டு பேரும் விருந்து சாப்பிட்டுக் கொண்டாடினாங்க. மறுநாளிலிருந்து ரெண்டு பேருக்கும் கஷ்டம். பியர் பயங்கரத் தலைவலியோடு நாள்கணக்கில் படுக்கை.

9/
கோக்கெய்னுக்கு மாற்றாக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோகெய்ன் வந்தது. 1943-இல் ஸ்வீடனில் லிக்னோகெய்ன். பல் பிடுங்கும்போது போடுறாங்களே, அதேதான். 1957-இல் அதே ஸ்வீடனில் உருவான பியூபிவகெய்ன் இன்னும் நீண்ட நேரம் நிற்கும். போதை இல்லாத மரப்பு மருந்துகள் கைக்கு வந்தாச்சு.

10/
மருந்து மாறிக்கொண்டிருந்த காலத்தில் இடுப்பு என்ன ஆச்சு?

1922 எவரெஸ்ட் பயணம் முடித்த கையோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஹோவார்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் நெய்யூருக்கு வந்தார். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் ஒரே ஒரு மருத்துவர் திணறுவதைப் பார்த்தார். லண்டனில் கிடைக்க இருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே தங்கினார். (நடுவில் 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்கும் போய் வந்தார்.) குடல் புண் அறுவைக்கு நெய்யூர் பேர் வாங்கியது அவர் காலத்தில்தான். நம்ம பக்கத்துப் பெரியவங்க இன்னும் "சாமர்வெல் டாக்டர்" என்று சொல்வாங்க.

ஆனால் அவர் இங்கே வேலையைத் தொடங்கியபோது இடுப்பு முறிவுக்கு நம்பகமான அறுவை உலகத்தில் எங்கேயும் கிடையாது. பாஸ்டனில் ஸ்மித் பீட்டர்சன் மூன்று இதழ் கொண்ட ஆணியை எலும்புக்குள் செலுத்தி அதன் முடிவுகளை வெளியிட்டது 1931-இல். உலோகப் பந்து வைத்து மாற்றும் முறைகள் அதற்கும் பின்னால், 1940-களிலும் 50-களிலும்.

11/
அறுவை வந்ததும் எல்லாம் மாறியது. "பாயிலே கிட" என்ற இடத்தில் "ஒன்றிரண்டு நாளில் ஆபரேஷன், அடுத்த நாள் நட" என்று ஆச்சு. ஆபரேஷன் நேரத்து வலிக்கு பியரின் முதுகு ஊசி இருக்கு.

ஆனால் ஒரு ஓட்டை அப்படியே கிடந்தது. விழுந்த நேரத்திலிருந்து ஆபரேஷன் மேசைக்குப் போகிற நேரம் வரைக்கும் ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆகுமே, அந்த வலிக்கு யார் பொறுப்பு?

முதுகு ஊசி போட ஆச்சியைப் புரட்டணும் அல்லது உட்கார வைக்கணும். ஒடிஞ்ச இடுப்போடு உட்கார்ந்து பாருங்க, தெரியும். வலியை நிறுத்தப் போகிற ஊசியைப் போடுவதற்கே அத்தனை வலி.

12/
"வலி ஊசி போடுறாங்களே டாக்டர்?" என்று கேப்பீங்க.

டைக்ளோஃபெனாக் வகை ஊசிகள் வயசானவங்க சிறுநீரகத்துக்கு ஆகாது. இடுப்பு முறிவு நோயாளிகளுக்கு அந்த வகை வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டி 2011-இலேயே சொல்லியாச்சு. மார்ஃபின் நல்ல மருந்து. ஆனால் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு நம்ம நாட்டில் அதை வாங்கி வைப்பதே பெரும்பாடு. 2014-இல் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் பல சின்ன மருத்துவமனைகளில் அது இருப்பதில்லை. கொடுத்தாலும் வயசானவங்களுக்குத் தூக்கம், வாந்தி, மலச்சிக்கல்.

அதுக்காக வலியோடேயே விட்டுரலாமா? கூடாது. 2003-இல் மாரிசன் குழுவினர் அமெரிக்காவில் இடுப்பு முறிவு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தாங்க. மருந்தைவிட, அடக்கப்படாத கடும் வலிதான் டெலிரியம் என்ற மனக்குழப்பத்தோடு அதிகம் சேர்ந்து வந்தது. புத்தி தெளிவா இருந்தவங்களில், கடும் வலி இருந்தவங்களுக்குக் குழப்பம் வரும் வாய்ப்பு பல மடங்கு.

ஆச்சி ராத்திரி தாத்தாவைக் கூப்பிட்டதுக்கு வயசு ஒரு காரணம், இடம் மாறினது ஒரு காரணம். வலியும் ஒரு காரணம். இந்த மூணில் நம்ம கையில் இருந்தது வலி மட்டும்தான்.

13/
இப்போ நரம்புக்கு வருவோம். இடுப்பு மூட்டின் முன்பக்க உறைக்கு வலி உணர்வு மிக அதிகம். அங்கே வருவது முக்கியமாகத் தொடை நரம்பின் கிளைகளும், ஆப்டுரேட்டர் என்ற உள்தொடை நரம்பின் கிளைகளும்.

1860-களிலேயே லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் ஒரு விதி சொன்னார். மூட்டை அசைக்கும் தசைகளுக்குப் போகிற நரம்புதான் அந்த மூட்டுக்கும் கிளை அனுப்பும். இடுப்பு ஒடிஞ்சவங்க சில நேரம் "முட்டு வலிக்கு" என்று சொல்வது இதனால்தான். நரம்பு ஒன்று, கிளைகள் பல.

அப்போ அந்த நரம்பைப் பிடிச்சா போதுமே? இதுதான் கடந்த 50 வருஷக் கதை.

14/
முதல் வகை: தொடை நரம்பு ஊசி.
கவட்டில் நாடித் துடிப்பைத் தொட்டு, அதற்கு வெளிப்பக்கம் சற்றுத் தள்ளிப் போடுவது. பழைய முறை. சீக்கிரம் வேலை செய்யும். குறை என்னன்னா, உள்தொடை நரம்பு விட்டுப்போகும். தொடைத் தசையும் தளர்ந்துவிடும்.

1973-இல் அமெரிக்காவில் ஆலன் வின்னி "ஒரே ஊசியில் மூன்று நரம்பு" என்று ஒரு முறையைச் சொன்னார். மருந்தை அதிகமா விட்டால் மேலே பரவி மூன்று நரம்பையும் பிடிக்கும் என்பது கணக்கு. நல்ல பேர், நல்ல ஆசை. ஆனால் பின்னால் சோதித்தபோது உள்தொடை நரம்பு பெரும்பாலும் பிடிபடவில்லை.

15/
இரண்டாம் வகை: ஃபேஷியா இலியாகா ஊசி.
1989-இல் பிரான்சில் பெர்னார்டு டாலன்ஸ் குழந்தைகளிடம் செய்து காட்டியது. நரம்பைத் தேடிப் போகவே வேண்டாம். இடுப்புத் தசைக்கு மேலே ஒரு சவ்வு இருக்கு. அதற்குக் கீழே மருந்தை விட்டால் நரம்புகள் இருக்கும் இடத்துக்கு அதுவே பரவும். வின்னி முறையையும் இதையும் 120 குழந்தைகளிடம் ஒப்பிட்டார். புது முறை 90 சதவீதத்துக்கு மேல் பலித்தது, பழையது 20 சதவீதம்தான்.

இதில் அழகு என்னன்னா, மொட்டை ஊசி இரண்டு சவ்வுகளைத் தாண்டும்போது "டப், டப்" என்று கையில் இரண்டு முறை தெரியும். ஸ்கேன் மெஷின் இல்லாமலே போடலாம். ரத்தக்குழாயிலிருந்து தள்ளிப் போடுவதால் பயமும் குறைவு. இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற நர்சுகளே இதைப் போடுறாங்க.

குறை: 30 முதல் 40 மில்லி வரை மருந்து வேணும். தொடைத் தசை இதிலும் தளரும்.

16/
நடுவில் ஒரு பெரிய மாற்றம். 1990-களில் வியன்னாவில் (கோலரின் அதே ஊர்!) கப்ரால், மார்ஹோஃபர் போன்றவர்கள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நரம்பைப் பார்த்தபடியே ஊசி போடத் தொடங்கினாங்க. குருட்டாம்போக்கு முடிந்தது. ஊசி முனையும் மருந்து பரவுவதும் கண்ணுக்கு முன்னால்.

அதை வைத்து 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஹெபர்டு, ஃபேஷியா இலியாகா ஊசியைக் கவட்டுக்கு மேலே கொண்டுபோனார். மருந்து இன்னும் உயரத்தில் பரவும் என்பது லாபம்.

17/
மூன்றாம் வகை: பெங் ஊசி.
2018, கனடாவின் டொராண்டோ. இடுப்பு உறைக்குப் போகிற கிளைகளின் வழியை உடற்கூறில் மறுபடி கவனமாகப் பார்த்தபோது, அவை இடுப்பெலும்பின் ஒரு விளிம்பில் சேர்ந்து போவது தெளிவாச்சு. லாரா ஹிரோன் அராங்கோ, பிலிப் பெங் உள்ளிட்டோர் அந்த விளிம்புக்கும் தசைநாணுக்கும் இடையில் 20 மில்லி மருந்து விட்டார்கள். முதலில் ஐந்தே நோயாளிகள்.

"மூட்டு உறையைச் சுற்றிய நரம்புக் கூட்டம்" என்பதன் ஆங்கிலச் சுருக்கம் பெங். கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பேரும் பெங்!

இதன் பலம்: மூட்டுக்குப் போகும் கிளைகள் மட்டும் மரக்கும், தொடைத் தசை பெரும்பாலும் வலுவோடு இருக்கும். ஆபரேஷனுக்கு அடுத்த நாள் நடக்க அது முக்கியம். குறை: ஆழமான இடம், ஸ்கேனும் பழகிய கையும் கட்டாயம். தோல் மரக்காது, அதனால் தையல் இடத்து வலிக்கு வேறு ஏற்பாடு வேணும்.

18/
சரி டாக்டர், எது பெஸ்ட்?

நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில் தசை வலுவைக் காப்பதில் பெங் முன்னால் நிற்குது. வலியைக் குறைப்பதில் சிலவற்றில் பெங் கொஞ்சம் மேல், பலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் "ஊசி போட்டது" என்பதையும் "போடாமல் விட்டது" என்பதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிசு. 2020-இல் காக்ரேன் குழு 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நரம்பு ஊசி போட்டவங்களுக்கு அரை மணி நேரத்துக்குள் அசையும்போது வலி குறைவு. மனக்குழப்பம் குறைவு. நெஞ்சுத் தொற்று குறைவு. எழும்பி நடப்பதும் சீக்கிரம்.

என் பதில் இதுதான்: உங்க ஆச்சி வந்து இறங்கின அந்த மணி நேரத்தில், அங்கே இருக்கிற டாக்டருக்கு எது நல்லாப் போடத் தெரியுமோ அதுதான் பெஸ்ட்.

19/
"முழு மயக்கமா, முதுகு ஊசியா?" என்றும் வீட்டில் சண்டை வரும். 2021-இல் அமெரிக்கா, கனடாவில் 1600 நோயாளிகளிடம் நடந்த ரீகெய்ன் ஆய்வில், 60 நாள் கழித்து உயிரோடு இருப்பதிலும் நடப்பதிலும் ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மனக்குழப்பத்திலும் இல்லை. அதை மயக்க மருந்து டாக்டரிடம் விட்டுருங்க. நீங்க கேட்க வேண்டியது அதற்கு முந்தின வலியைப் பற்றி.

20/
"இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்" என்று நினைக்காதீங்க. முதுகு ஊசிக்கு உட்கார வைக்கும் முன்னால் தொடை நரம்பு ஊசி போட்டால் என்ன ஆகும் என்று ஜாம்ஷெட்பூரில் செய்த ஆய்வு 2014-இல் இந்திய மயக்கவியல் இதழில் வந்தது. கை நரம்பில் ஃபென்டனில் கொடுத்ததைவிட வலி குறைவு, முதுகு ஊசி போடும் நேரமும் குறைவு. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை நரம்பு ஊசி முறைகளுக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கின இடம்.

அறிவு நம்மகிட்ட இருக்கு. மருந்து விலையும் பெரிசில்லை. சிக்கல் என்னன்னா, ஊசி போடத் தெரிந்தவர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கார், ஆச்சி கேஷுவாலிட்டியில் கிடக்காங்க. நடுவில் ஒரு நாள் ஓடிருது.

21/
ஆபத்தே இல்லையா? இருக்கு. மருந்து அளவு மீறினாலோ ரத்தக்குழாய்க்குள் போனாலோ வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். அரிது. அதற்கான மாற்று மருந்தாகக் கொழுப்புத் திரவம் இருக்கு, அது பக்கத்தில் இருக்கணும். ஊசி போடும் இடத்தில் புண் இருந்தால் போடக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லணும். கால் தளர்ந்திருக்கும்போது தனியா எழும்ப விடக் கூடாது. ஊசியின் வேலை சில மணி நேரம் முதல் அரை நாள், சில நேரம் அதற்கு மேலும் நிற்கும். தீரும் முன்பே மாத்திரை தொடங்கணும்.

22/
உங்க வீட்டில் இப்படி நடந்தா:

• காலை இழுக்காதீங்க, உருவாதீங்க, எண்ணெய் தேய்க்காதீங்க. இருந்த நிலையிலேயே தலையணை முட்டுக்கொடுத்துத் தூக்குங்க.
• சாப்பிடும் மாத்திரை எல்லாத்தையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.
• மருத்துவமனையில் மரியாதையா ஒரு கேள்வி: "ஆபரேஷனுக்கு முன்னாடியே வலிக்கு நரம்பு ஊசி, நெர்வ் பிளாக், போட முடியுமா டாக்டர்?"
• மூக்குக் கண்ணாடி, காது மெஷின், தெரிஞ்ச முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். குழப்பம் குறையும்.
• "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

23/
ஆச்சி இப்போ வாக்கர் பிடிச்சு நடக்காங்க. சாயங்காலம் திண்ணையில் வந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துட்டு இருப்பாங்க. போன தடவை ஊருக்குப் போனப்ப என்னைக் கையைப் பிடிச்சு உட்கார வச்சுட்டுக் கேட்டாங்க:

"அன்னைக்கு ராத்திரி நான் எதாவது மோசமாப் பேசினேனா மக்களே? இவன் சொல்ல மாட்டேங்கான்."

"ஒண்ணும் பேசல ஆச்சி"ன்னு சொன்னேன். பக்கத்தில் நின்ன மகன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

1838-இல் அந்த வலிக்கு இப்படி ஒரு நரம்பு ஊசி நெய்யூரிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. இன்னைக்கு இருக்கு. கேட்டு வாங்குங்க.

வயசானவங்க இருக்கிற வீடுகளுக்கு இதை அனுப்பி வையுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.